"மலை ஏறப் போறேன்மா!" – சரி சொல்வதா, வேண்டாம் என்பதா?

முதுகில் ஒரு பெரிய பை. அதற்குள் டென்ட், ஸ்லீப்பிங் பேக், நாலு நாள் சாப்பாடு. ரோடு முடிகிற இடத்தில் இறங்கி, கடையோ கரண்டோ டாக்டரோ இல்லாத காட்டுக்குள் நடந்து, அங்கேயே ராத்தங்கி வருவது... இதைத்தான் 'பேக்பேக்கிங்' என்கிறார்கள் இளசுகள்.

"காசைக் கொடுத்து யாராவது கஷ்டத்தை வாங்குவாங்களா?" என்று தாத்தா கேட்பார். "புலி வருமே!" என்று பாட்டி பதறுவார். அப்பா பேப்பரை மடக்காமலே "வேண்டாம்" என்று ஒற்றை வார்த்தையில் முடிப்பார். இந்த 'வேண்டாம்' பல வீடுகளில் வேறு மாதிரி முடிகிறது. "ஃபிரெண்ட் வீட்டு கல்யாணம்" என்று சொல்லிவிட்டுப் போய்விடுகிறார்கள்! எந்த மலை, யாருடன், என்றைக்குத் திரும்புவார்கள்... வீட்டில் யாருக்கும் தெரியாது. காட்டைவிட ஆபத்தானது இதுதான்.

ஆகவே, கண்ணை மூடிக்கொண்டு 'சரி'யும் வேண்டாம், 'வேண்டாம்' என்பதும் வேண்டாம். லாபம் என்ன, ஆபத்து என்ன, கேட்க வேண்டிய கேள்விகள் என்ன என்று ஒரு பாடமாகவே படித்துவிடுவோம், வாருங்கள்.

உடம்புக்கு என்ன லாபம்?

சமதரையில் நடப்பதற்கும் பையைச் சுமந்து மேடு ஏறுவதற்கும் நிறைய வித்தியாசம் உண்டு. மேட்டில் இதயமும் நுரையீரலும் கூடுதலாக வேலை செய்கின்றன. தொடை, பின்புறத் தசைகள் வலுவாகின்றன. சுமையோடு நடக்கும்போது எலும்பின் மேல் விழும் அழுத்தம் எலும்பைத் தேயவிடாமல் காக்கிறது. கல்லும் வேருமாக இருக்கும் பாதையில் ஒவ்வொரு அடியும் பார்த்து வைப்பதால் உடலின் சமநிலை கூடுகிறது. தசைகள் ரத்தத்தில் இருக்கும் சர்க்கரையை எடுத்துச் செலவழிக்கின்றன.

இந்த லாபமெல்லாம் நாலு நாள் நடந்தால் வந்துவிடாது. அந்த நாலு நாளுக்காக இரண்டு மாதம் பயிற்சி எடுக்கிறார்களே, அதில்தான் வருகிறது.

மனசுக்கு? ஜப்பானில் 1982-ல் 'காட்டுக் குளியல்' என்ற பழக்கத்தை அரசு வனத்துறையே ஊக்குவிக்கத் தொடங்கியது. குளிப்பது தண்ணீரில் அல்ல, காட்டின் அமைதியில்! அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தார் 2015-ல் ஒரு சிறிய ஆய்வு வெளியிட்டார்கள். சிலரை 90 நிமிடம் மரமும் புல்லும் உள்ள இடத்திலும், வேறு சிலரை வாகன நெரிசல் ரோட்டோரத்திலும் நடக்க விட்டார்கள். பசுமையில் நடந்தவர்களுக்கு, ஒரே கவலையைத் திரும்பத் திரும்ப அசைபோடும் குணம் குறைந்திருந்தது. ரோட்டில் நடந்தவர்களுக்குக் குறையவில்லை.

செல்போன் சிக்னல் இல்லாத இடத்தில், இருட்டியதும் தூங்கி, வெளிச்சம் வந்ததும் எழுந்தால் தூக்கமும் ஒழுங்குக்கு வரும். பத்து பேர் சேர்ந்து சமைத்து, பகிர்ந்து சாப்பிட்டு, களைத்தவனின் பையை இன்னொருவன் வாங்கிச் சுமக்கும்போது வரும் பொறுப்புணர்ச்சியை எந்த டியூஷன் சென்டரும் கற்றுத்தராது.

பயப்பட வேண்டியது புலிக்கா?

புலியும் சிறுத்தையும் பொதுவாக மனித வாடை அடித்தாலே ஒதுங்கிப் போகும். நாம் லேசாக எடுத்துக்கொள்கிறோமே, அவைதான் ஆளைச் சாய்க்கின்றன: வெயில், குளிர், உயரம், நெருப்பு, வழுக்கல், இருட்டு. ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

வெயில்: தலைவலி, மயக்கம், குமட்டல், தசைப்பிடிப்பு... இது முதல் எச்சரிக்கை. உடனே நிழல், ஓய்வு, உப்பு-சர்க்கரைத் தண்ணீர். இதையும் தாண்டி ஒருவர் சம்பந்தமில்லாமல் உளறினால், உடம்பு நெருப்பாகக் கொதித்தால், அது 'ஹீட் ஸ்ட்ரோக்'. வியர்வை நின்றிருக்கலாம், வழிந்துகொண்டும் இருக்கலாம். அதை வைத்து முடிவு செய்யாதீர்கள். உடம்பு முழுக்கத் தண்ணீர் ஊற்றி, விசிறி, எப்படியாவது சூட்டைத் தணிக்க வேண்டும். ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலும் இதை நிறுத்தக் கூடாது.

'நிறைய தண்ணி குடி' என்ற அறிவுரையிலும் ஒரு சிக்கல் உண்டு. வியர்வையில் உப்பும் போகிறது. வெறும் தண்ணீரை லிட்டர் லிட்டராகக் குடித்தால் ரத்தத்தில் உப்பு அளவு சரிந்து, தலைசுற்றல், வாந்தி, வலிப்புகூட வரலாம். தாகத்துக்குக் குடியுங்கள், இடையிடையே உப்புக் கடலையும் ஊறுகாய் சாதமும் உள்ளே போகட்டும். ஓ.ஆர்.எஸ். பாக்கெட் இல்லாவிட்டால், ஒரு லிட்டர் சுத்தமான தண்ணீரில் தலைதட்டிய ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. அளவு மாறக் கூடாது. சிறுநீர் இளமஞ்சளாக இருந்தால் எல்லாம் சரி. அடர் மஞ்சள் என்றால் தண்ணீர் போதவில்லை.

ஓடைத் தண்ணீர் கண்ணாடி மாதிரி தெளிவாக இருந்தாலும் அப்படியே குடிக்க வேண்டாம். மேலே எந்த மாடு எருமை இறங்கியதோ! நன்றாகக் கொதித்து ஒரு நிமிடம் ஆகட்டும்; 2000 மீட்டருக்கு மேல் என்றால் மூன்று நிமிடம். குளோரின் மாத்திரை போட்டால், பாக்கெட்டில் சொன்ன நேரம் பொறுத்திருக்க வேண்டும்.

குளிர்: "கொடைக்கானல்ல என்ன பெரிய குளிரு!" என்பார்கள். ஒவ்வொரு 1000 மீட்டர் ஏறும்போதும் சுமார் 6 டிகிரி குறையும். அடிவாரத்தில் 32 டிகிரி என்றால் 2000 மீட்டர் உயரத்தில் சுமார் 20தான். அதில் மழையும் காற்றும் சேர்ந்தால்? நனைந்த உடம்பு கடகடவென்று சூட்டை இழக்கும். பனி பெய்ய வேண்டும் என்று அவசியமே இல்லை.

இங்கேதான் நாம் நம்பிய பருத்தி நம்மைக் கைவிடுகிறது. சென்னை வெயிலுக்குப் பருத்திதான் உத்தமம். ஆனால் மலைத் தூறலில் நனைந்த பருத்தி பனியனும் ஜீன்ஸும் சீக்கிரம் காயாது. ஈரத் துணியைச் சுற்றிக்கொண்டு நிற்பது போலத்தான். மலைக்கு கம்பளி அல்லது சீக்கிரம் உலரும் செயற்கை இழைத் துணி, மேலே மழைக்கோட்டு. ராத்திரி போட ஒரு செட் துணியை பிளாஸ்டிக் கவரில் கட்டித் தனியாக வைக்கச் சொல்லுங்கள். அதை எந்தக் காரணத்துக்காகவும் பகலில் போடக் கூடாது.

நண்பன் ஒருவன் நடுங்குகிறான், விரல் ஜிப்பைப் போட மறுக்கிறது, கால் தடுமாறுகிறது, நாக்கு குளறுகிறது. "எனக்கு ஒண்ணுமில்லடா" என்பான். நம்பாதீர்கள். ஈரத் துணியைக் கழற்றி, உலர்ந்ததைப் போட்டு, தரைக் குளிர் ஏறாமல் கீழே பாயோ பையோ விரித்து, போர்த்தி, விழுங்க முடிந்தால் சூடான இனிப்பு பானம் கொடுங்கள். "சூடாகும்" என்று பிராந்தி கொடுப்பது தவறு. அது தோலின் ரத்தக் குழாய்களை விரித்து, உள்சூட்டை வெளியே தள்ளிவிடும்.

உயரம்: நம் தமிழ்நாட்டில் மிக உயரமான தொட்டபெட்டாவே 2637 மீட்டர்தான். ஆகவே நம்மூர் மலைகளில் உயர நோய் பெரும்பாலும் பிரச்சினை இல்லை. ஆனால் பிள்ளைகள் இப்போது இமயமலைக்குப் போகிறார்கள். விமானத்தில் லே நகரில் இறங்கினாலே சுமார் 3500 மீட்டர்! எவரெஸ்ட் அடிவார முகாம் 5364 மீட்டர்.

2500 மீட்டரைத் தாண்டினால் காற்றில் ஆக்ஸிஜன் அழுத்தம் குறைந்து, தலைவலி, குமட்டல், பசியின்மை, தூக்கமின்மை வரலாம். "என் பையன் தினமும் ஜிம் போறான், அவனுக்கு ஒண்ணும் ஆகாது" என்று நினைக்காதீர்கள். உடற்கட்டுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. சொல்லப்போனால், வேகமாக ஏறும் தெம்பு உள்ளவன்தான் முதலில் மாட்டிக்கொள்வான்.

மருந்து? நிதானம்தான். 3000 மீட்டருக்கு மேல், ராத்தங்கும் உயரம் ஒரு நாளைக்கு 500 மீட்டருக்கு மேல் கூடக் கூடாது. மூன்று நான்கு நாளுக்கு ஒரு நாள் ஓய்வு. தலைவலி வந்தால் அங்கேயே தங்க வேண்டும். கூடினால் இறங்க வேண்டும். உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினாலோ, இருமலில் நுரை வந்தாலோ, நேர்கோட்டில் அடி மேல் அடி வைத்து நடக்க முடியாவிட்டாலோ, விடியும்வரை காத்திருக்காமல் துணையோடு உடனே கீழே இறக்க வேண்டும். நுரையீரலிலோ மூளையிலோ நீர் கோக்கிறது என்று பொருள். முன்கூட்டியே போடும் மாத்திரை உண்டு. ஆனால் அதை டாக்டர்தான் எழுதித் தர வேண்டும். சல்ஃபா அலர்ஜி இருந்தால் மறைக்காமல் சொல்ல வேண்டும். அங்கே தூக்க மாத்திரையும் மதுவும் கூடவே கூடாது.

நெருப்பு: தேனி மாவட்டம் குரங்கணியில் 2018 மார்ச் 11 அன்று மலையேறிவிட்டு இறங்கிக்கொண்டிருந்த குழு காட்டுத் தீயில் சிக்கியது. 20-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தார்கள். பலர் இளம் வயதினர். அதற்குப் பிறகுதான் தமிழக அரசு மலையேற்றத்துக்கென்று தனி விதிமுறைகள் கொண்டுவந்தது.

அந்தத் துயரம் சொல்லித்தரும் பாடத்தை மறக்கக் கூடாது. கோடையில் மலைச்சரிவின் புல் காய்ந்த வைக்கோல். தீ மேடு நோக்கி மனிதனைவிட வேகமாக ஏறும். தீயைப் பார்த்தால் அதற்கு மேலே ஓடக் கூடாது. புல் இல்லாத பாறை, ஓடை, ஏற்கெனவே எரிந்து கறுத்த இடம், இவற்றில் எது பக்கமோ அதை நோக்கிப் போக வேண்டும். அதைவிட முக்கியம், வறண்ட மாதங்களில் வனத்துறை பாதையை மூடினால் குறுக்கு வழியில் புகாமல் இருப்பது.

வழுக்கலும் இருட்டும்: ஏறும்போது நுரையீரல் சிரமப்படும், இறங்கும்போது முழங்கால். களைத்த காலோடு, அவசர அவசரமாக இறங்கும் நேரத்தில்தான் கணுக்கால் பிசகும். ஆகவே நேரக்கணக்கு முக்கியம். ஸ்காட்லாந்து மலையேறி நெய்ஸ்மித் 1892-லேயே ஒரு வாய்ப்பாடு சொன்னார்: 5 கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம்; அத்தோடு ஒவ்வொரு 600 மீட்டர் ஏற்றத்துக்கும் இன்னொரு மணி நேரம். இது பழகியவர்களுக்கு. புதியவர்கள், பெரிய பையோடு என்றால், இதில் பாதியைக் கூட்டிக்கொள்ளுங்கள். உதாரணமாக 10 கிலோமீட்டர், 900 மீட்டர் ஏற்றம்: இரண்டும் ஒன்றரையும் மூன்றரை மணி, புதியவருக்கு ஐந்தேகால் மணி. காலை ஏழுக்குக் கிளம்பினால் கவலையில்லை. பதினொன்றுக்குக் கிளம்பினால்?

பாம்பு, அட்டை, தேனீ, யானை

பாம்பு கடித்தால் கயிறு கட்டுவது, கத்தியால் கீறுவது, வாயால் உறிஞ்சுவது... மூன்றும் சினிமாவோடு இருக்கட்டும். மோதிரம், வாட்ச், ஷூவைக் கழற்றி, கடிபட்ட கை காலை அசையாமல் மட்டை வைத்துக் கட்டி, ஆளை நடக்க விடாமல் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போவதுதான் சிகிச்சை. விஷமுறிவு மருந்து ஆஸ்பத்திரியில் மட்டுமே போட வேண்டிய ஊசி.

அட்டை அருவருப்பே தவிர ஆபத்து இல்லை. நகத்தால் அதன் வாய்ப்பக்கம் நெம்பி எடுத்து, சோப்பு போட்டுக் கழுவுங்கள். நெருப்பால் சுட வேண்டாம்.

மலைத்தேனீ கூடு இருக்கும் பாறைக்குக் கீழே சென்ட் வாசனை, புகை, கூச்சல் கூடாது. கொட்ட ஆரம்பித்தால் முகத்தை மூடிக்கொண்டு ஓடிவிட வேண்டும். கொட்டிய பின் உதடு வீங்கினாலோ மூச்சு திணறினாலோ அது உயிருக்கு ஆபத்தான அலர்ஜி. ஒரு நிமிடமும் தாமதிக்கக் கூடாது.

யானை இருக்கும் காட்டில் உள்ளூர் வழிகாட்டி இல்லாமல் நடப்பதும், அந்தி சாய்ந்தபின் நடப்பதும் முட்டாள்தனம். சாணத்தின் ஈரம் பார்த்தே "இப்பத்தான் போயிருக்கு, நில்லுங்க" என்று சொல்லும் பழங்குடி இளைஞரின் பேச்சுக்கு மறுபேச்சு பேசக் கூடாது.

எட்டு வாரப் பயிற்சி

முதல் இரண்டு வாரம்: தினமும் 30-40 நிமிட வேக நடை.
மூன்று, நான்காம் வாரம்: வாரத்துக்கு மூன்று நாள் மாடிப்படி ஏறி இறங்குதல். லிஃப்டுக்கு லீவு!
ஐந்து, ஆறாம் வாரம்: பையில் 5 கிலோ அரிசிப் பையை வைத்து அதே படிகள்.
ஏழாம் வாரம்: கொண்டுபோகும் முழு எடையோடு பக்கத்துக் குன்றில் ஒரு நாள் நடை.
எட்டாம் வாரம்: எளிதான நடை, நல்ல தூக்கம்.

பையின் எடை உடம்பு எடையில் ஐந்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது. 60 கிலோ பெண்ணுக்கு அதிகபட்சம் 12 கிலோ. முதல் தடவை என்றால் 9 போதும். கனமான சாமான் முதுகை ஒட்டி நடுவில் இருக்கட்டும். இடுப்பு பெல்ட்டை இறுக்கினால் சுமை தோளில் தொங்காமல் இடுப்பில் உட்காரும்.

ஷூவை சாயங்காலம் வாங்குங்கள், அப்போதுதான் பாதம் சற்றுப் பருத்திருக்கும். கிளம்புகிற அன்று புது ஷூ போடுவது கொப்புளத்துக்கு அழைப்பிதழ். சுருக்கென்று உறுத்தும்போதே நின்று பிளாஸ்டர் ஒட்டிக்கொள்ள வேண்டும்.

சாப்பாட்டுக்கு வீட்டு அலமாரியே போதும். கடலை மிட்டாய், பொரிகடலை உருண்டை, பேரீச்சை, சத்துமாவு, அவல். புளியோதரை முதல் நாளுக்கு மட்டும்.

சில சந்தேகங்கள்

"எனக்கு சுகர் இருக்கு. போகலாமா?" கட்டுப்பாட்டில் இருந்தால், டாக்டரைக் கேட்டு மருந்தின் அளவை மாற்றிக்கொண்டு போகலாம். நெடுநேரம் நடந்த அன்று ராத்திரி தூக்கத்தில்கூட சர்க்கரை தாழும். படுக்கும் முன் ஏதாவது சாப்பிட்டு, தலைமாட்டில் குளுக்கோஸ் வையுங்கள். இன்சுலின் உறையக் கூடாது. கடுங்குளிரில் உள்சட்டைப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். தினமும் பாதத்தைப் பார்க்க மறக்காதீர்கள்.

"யார் போகவே கூடாது?" இதய நோய், கட்டுப்படாத பி.பி., அடிக்கடி வரும் ஆஸ்துமா, வலிப்பு உள்ளவர்கள், கர்ப்பிணிகள் டாக்டர் அனுமதி இல்லாமல் போகக் கூடாது. பக்திக்கும் இந்த விதி உண்டு. வெள்ளியங்கிரி மலையில் 2024-ஆம் ஆண்டுப் பருவத்தில் ஏறிய பக்தர்கள் சிலர் மூச்சுத் திணறியும் மாரடைப்பு வந்தும் இறந்தார்கள். 40 வயதைத் தாண்டி, பல வருஷமாக உட்கார்ந்தே வேலை பார்த்தவர் முதலில் இதயப் பரிசோதனை செய்துகொள்வது நல்லது.

"பெண்களுக்கு மாதவிலக்கு நாளில்?" உடம்பு இடம் கொடுத்தால் தடையில்லை. பயன்படுத்திய நாப்கினைப் புதைக்காமல் கவரில் கட்டித் திரும்பக் கொண்டுவர வேண்டும். மலம் கழிக்க நீர்நிலையிலிருந்து 60 மீட்டராவது தள்ளி, ஒரு சாண் ஆழம் தோண்டி மூட வேண்டும். கை கழுவ சோப்பு கட்டாயம்.

"முதல் தடவை எங்கே?" 2024 அக்டோபரில் தமிழக வனத்துறை 40 மலைப்பாதைகளை ஆன்லைன் பதிவோடு தொடங்கியது. உள்ளூர் வழிகாட்டிகளோடு, ஒரே நாளில் போய்த் திரும்பும் நடைகள். இதில் தேறிய பிறகு டென்டும் இமயமலையும்.

வீட்டில் எழுதி வாங்க வேண்டிய காகிதம்

1. போகும் பாதை, ஒவ்வொரு ராத்திரியும் தங்கும் இடம்.
2. கூட வருபவர்கள், வழிகாட்டி, அவர்கள் வீட்டு போன் நம்பர்கள்.
3. வனத்துறை அனுமதிச் சீட்டின் நகல்.
4. ரத்த வகை, அலர்ஜி, சாப்பிடும் மருந்துகள்.
5. சிக்னல் கிடைத்துப் பேச வேண்டிய நாள், நேரம். அதைத் தாண்டி எத்தனை மணி நேரம் ஆனால் நீங்கள் வனத்துறைக்கும் 112-க்கும் தகவல் சொல்ல வேண்டும் என்பது.

இந்த ஐந்தையும் தயங்காமல் எழுதித் தருகிற பிள்ளையை தைரியமாக அனுப்பலாம். அனுமதிச் சீட்டு எங்கே என்று கேட்டால் மழுப்புகிற குழுவோடு அனுப்பாதீர்கள். பணம் கட்டியாகிவிட்டது என்றாலும் சரி.

திரும்பி வந்த பின்னும் ஒரு பாடம்

வந்ததும் சூடான குளியல், துணிகளை வெந்நீரில் அலசல், அக்குள், இடுப்பு, தொடை இடுக்கில் உண்ணி ஒட்டியிருக்கிறதா என்று ஒரு பார்வை. அதோடு முடியவில்லை.

அடுத்த மூன்று வாரத்துக்குள் காய்ச்சல் வந்தால், "சாதா ஃபீவர்தான்" என்று பாராசிட்டமாலோடு நிறுத்தாதீர்கள். புதரில் இருக்கும் கண்ணுக்குத் தெரியாத சிறு பூச்சி கடித்து 'ஸ்க்ரப் டைஃபஸ்' வரலாம். கடித்த இடத்தில் சிகரெட்டால் சுட்டது போல ஒரு கறுத்த பொருக்கு இருக்கலாம். வலிக்காது, அரிக்காது. உள்ளாடை மறைக்கும் இடத்தில் இருப்பதால் நோயாளிக்கே தெரியாது. காலத்தில் கண்டுபிடித்தால் விலை குறைந்த மாத்திரையிலேயே குணமாகிவிடும். தாமதித்தால் நுரையீரல், சிறுநீரகம் என்று ஒவ்வொன்றாகப் பழுதாகி உயிருக்கே ஆபத்தாகும். எலிக்காய்ச்சல், மலேரியாவும் இப்படி வரலாம்.

டாக்டர் கேட்காவிட்டாலும் நீங்களாகவே சொல்லுங்கள்: "டாக்டர், பத்து நாள் முன்னாடி காட்டுக்குப் போயிட்டு வந்தான்." இந்த ஒரு வாக்கியம் எத்தனையோ டெஸ்டுகளை மிச்சப்படுத்தும், சில சமயம், ஓர் உயிரையே காப்பாற்றும்.